ஸ்டென்ட் வைத்த பிறகும் மூச்சு வாங்குகிறதா? வேலூரில் ஊதும் டெஸ்ட் எடுத்த அனுபவம்

பல வருஷம் பீடியோ சிகரெட்டோ பிடித்தவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா? அவருக்கு ஹார்ட் அட்டாக் வந்து, ஸ்டென்ட் வைத்து, எக்கோ என்ற இதய ஸ்கேனில் "பம்பிங் நல்லா இருக்கு" என்று சொன்ன பிறகும் நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? அப்படியென்றால் தயவுசெய்து ஒரு தடவை அவரை ஸ்பைரோமெட்ரி எடுக்கக் கூட்டிக்கொண்டு போங்கள். நுரையீரல் காற்றை எவ்வளவு, எவ்வளவு வேகமாக வெளியே தள்ளுகிறது என்று குழாயில் ஊத வைத்துப் பார்ப்பதுதான் அது. ஆஸ்பத்திரிகளில் பி.எஃப்.டி. என்று சொல்வார்கள்; எங்கள் ஊரில் எல்லாருக்கும் அது 'ஊதுற டெஸ்ட்'. வேலூர் ஆரணி ரோட்டுப் பக்கம் இருக்கும் ஒரு நெஞ்சு நோய் கிளினிக்கில் எங்கள் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அதை எடுத்தோம். டெஸ்ட் எடுத்த விதம், டாக்டர் விளக்கிச் சொன்ன விதம், இன்ஹேலர் பழக்கிக் கொடுத்த விதம் மூன்றுமே எனக்கு மனநிறைவு. குறைகளும் இருக்கின்றன, அவற்றையும் எழுதுகிறேன்.

கிளினிக் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். தனியார் இடங்களிலும், மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளின் நெஞ்சு நோய்ப் பிரிவிலும் இந்த டெஸ்ட் எடுக்கிறார்கள். எங்கே போனாலும் இதைச் சரியாக எடுக்கிறார்களா என்று உங்களுக்குப் பார்க்கத் தெரிய வேண்டும். அரைகுறையாக ஊதி வந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு எந்த டாக்டராலும் எதுவும் சொல்ல முடியாது.

நைனா குடியாத்தத்தில் குழித்தறியில் கைலி நெய்கிறவர். இப்போது வயது 64. பதினெட்டு வயதில் பீடி பழகி நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரு நாளைக்கு ஒரு கட்டு. அம்மா பீடி சுற்றுகிறவர். எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். ஒரே தெருவில் இந்த வீட்டில் தறி ஓடும், அடுத்த வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு இலை வெட்டிக்கொண்டிருப்பார்கள். காலையில் எழுந்ததும் நைனா இருமுவது எங்கள் வீட்டு அலாரம். அதை யாரும் நோய் என்று நினைத்ததில்லை. பீடி குடிக்கிறவர், இருமத்தானே செய்வார் என்று தெருவே சொல்லும்.

போன வருஷத்துக்கு முந்தின ஆடி மாதத்தில் நெஞ்சுவலி வந்தது. 108-ல் போனோம். ஆஞ்சியோ பார்த்து, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஸ்டென்ட் வைத்தார்கள். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், அந்த நன்றி எப்போதும் உண்டு. ஆனால் அதற்குப் பிறகும் நைனாவுக்கு மூச்சு வாங்குவது நிற்கவில்லை. தறியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மிதித்தால் போதும், இரண்டு முழங்கைகளையும் தறிமரத்தில் ஊன்றி முன்னால் சாய்ந்துகொள்வார். உதட்டைக் குவித்து, விளக்கை ஊதுகிற மாதிரி மெதுவாகக் காற்றை விடுவார். பிறகு மறுபடி நாடாவை இழுப்பார்.

ஒவ்வொரு செக்கப்பிலும் ஈசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனை. எல்லாம் நன்றாக இருந்தது. பம்பிங் 52 சதவீதம். மூச்சு வாங்குகிறது என்று சொன்னால் வயசு, ரத்தக்குறைவு, பயம், கேஸ் என்று ஒவ்வொரு தடவை ஒவ்வொரு காரணம் கிடைக்கும். ஒரு டாக்டர் மட்டும் நியாயமான ஒரு வழியில் யோசித்தார். அட்டாக்குக்குப் பிறகு ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் டிகாக்ரிலார் மாத்திரையே சிலருக்கு மூச்சு வாங்க வைக்கும். அந்தப் பக்கவிளைவு தெரிந்த விஷயம்தான். அதை, அதே வேலை செய்யும் குளோபிடோக்ரெலுக்கு மாற்றிக் கொடுத்தார். அப்படியும் மூச்சில் மாற்றமில்லை. நடுவில் உள்ளூரில் இரைப்பு அதிகமாகும்போதெல்லாம் ஊசி போட்டுக்கொண்டு வருவார். இரண்டு நாள் நன்றாக இருக்கும், அவ்வளவுதான். அந்த ஊசிகளில் தியோபிலின் வகை மருந்தும் உண்டு என்பதும், அது இதயத் துடிப்பைக் கூட்டக்கூடியது, இதய நோயாளிக்குக் கவனித்துத்தான் கொடுக்க வேண்டும் என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கடைசியாக ஒரு செக்கப்பில் இருந்த இளம் டாக்டரம்மா, நைனா எக்கோ அறையிலிருந்து நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி: "ஐயா, மூச்சு விடும்போது எப்பவுமே இப்படித்தான் உதட்டைக் குவிப்பீங்களா?" அடுத்த கேள்வி, எத்தனை வருஷம் பீடி. மூன்றாவது, "இதுவரைக்கும் நுரையீரல் டெஸ்ட் ஏதாவது ஊதியிருக்கீங்களா?" இல்லை என்றதும் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த மூன்று கேள்விகளுக்கு அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

குடியாத்தத்திலிருந்து வருகிறவர்கள் ரயிலில் காட்பாடி வந்து பாகாயம் போகும் டவுன் பஸ் பிடிப்பது நல்லது. பஸ்ஸில் பள்ளிகொண்டா வழியாக வந்தால் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ. கிளினிக் காலையில் திறந்ததும் போய்விடுங்கள், வெயில் ஏறின பிறகு வேலூரில் மூச்சு நோயாளியை அலைய வைக்கக் கூடாது.

முதல் குறை வாசலிலேயே இருக்கிறது. கிளினிக் முதல் மாடியில், லிஃப்ட் கிடையாது. படிகள் செங்குத்து, நடுவில் உட்கார ஒரு நாற்காலி கூட இல்லை. வருகிற ஆள் எல்லாருமே மூச்சு வாங்குகிறவர்கள். எங்களுக்கு முன்னால் ஒரு பாட்டி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் மகன் கையைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான். கீழே ஒரு சின்ன அறை எடுத்து, முடியாதவர்களை அங்கே பார்ப்பது இவர்களால் முடியாத காரியம் இல்லை. இரண்டாவது, மேலே போனதும் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் சாமி படத்துக்கு ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. பக்தியில் குறை சொல்லவில்லை. புகை ஆகாதவர்கள் உட்காரும் அறையில் பூ மட்டும் வைத்தால் சாமி கோபித்துக்கொள்ள மாட்டார். நான் சொன்னதும் அந்தப் பெண் உடனே எடுத்து வெளியே வைத்துவிட்டார், அதையும் சொல்ல வேண்டும்.

டெஸ்ட் எடுத்த அம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். டெஸ்ட்டுக்கு முன்னால் கேள்விகள்: சமீபத்தில் ஹார்ட் அட்டாக் வந்ததா, கண் ஆபரேஷன் ஆனதா, வயிற்றில் ஆபரேஷன் உண்டா, ரத்தமாக இருமினாரா, டிபி இருந்ததா, இன்று காலையில் பீடி குடித்தாரா, வயிறு முட்டச் சாப்பிட்டாரா. இவை சும்மா கேட்கிற கேள்விகள் இல்லை. பலம் கொண்ட மட்டும் ஊதும்போது நெஞ்சிலும் வயிற்றிலும் கண்ணிலும் அழுத்தம் ஏறும். அதனால் அட்டாக் வந்த புதிதிலும், கண்ணோ வயிறோ ஆபரேஷன் ஆன புதிதிலும் இந்த டெஸ்ட்டைத் தள்ளிப்போடுவார்கள். இவற்றைக் கேட்காமல் குழாயைக் கையில் கொடுக்கும் இடமாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிறகு செருப்பைக் கழற்றச் சொல்லி உயரம் அளந்தார். நமக்கு எவ்வளவு காற்று வர வேண்டும் என்று கணக்குப் போடுவதே வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதை வைத்துத்தான். உயரத்தைக் கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாக எழுதினால் சதவீதம் எல்லாமே தப்பாகிவிடும். கணக்கு டீச்சர் என்பதால் எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்தது.

நைனாவை நிமிர்ந்து உட்கார வைத்து, வேட்டிக்கு மேல் கட்டியிருந்த பெல்ட்டைத் தளர்த்தச் சொல்லி, மூக்கில் கிளிப் மாட்டினார். புதுக் குழாயை உறையிலிருந்து எங்கள் கண் முன்னால் பிரித்தார். அவரே ஒரு தடவை ஊதிக் காட்டினார். அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் பார்க்க வேண்டும் என்று சொல்கிற விஷயம்.

"ஐயா, நெஞ்சு நெறைய இழுங்க, இன்னும், இன்னும்... இப்ப குழாயை வாயில வையுங்க, உதடு இறுக்கமா... ஊதுங்க! ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விடாதீங்க, உள்ள இன்னும் இருக்குது, தள்ளுங்க தள்ளுங்க தள்ளுங்க..."

அறை முழுக்க அவர் குரல்தான். ஒரு கையை நைனாவின் முதுகில் வைத்திருந்தார், கண் மட்டும் திரையில். நைனாவின் கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது. திரையில் கோடு சடாரென்று மேலே போய், சரிந்து, பிறகு இழுத்துக்கொண்டே போனது. குறைந்தது ஆறு விநாடி ஊத வேண்டும், முடிந்தால் அதற்கு மேலும். நைனா முதலில் பாதியிலேயே இருமிவிட்டார். "இது கணக்குல வராது ஐயா, தண்ணி குடிங்க, அவசரமில்ல" என்று அதை அழித்துவிட்டார். ஒழுங்காக ஊதினது குறைந்தது மூன்று வேண்டும், அவற்றில் பெரிய இரண்டும் ஒன்றுக்கொன்று 150 மில்லிக்குள் ஒத்துப்போக வேண்டும், அப்போதுதான் அந்த எண்ணை நம்பலாம் என்று எனக்கும் சொல்லிக் கொடுத்தார். நைனாவுக்கு இடையில் அலுத்துவிட்டது.

"இன்னாமா இது, ஊதிக்கினே கீறேன், போதும்பா."

"இன்னும் ஒரே ஒரு வாட்டி ஐயா. இவ்ளோ தூரம் வந்துட்டு சரியான நம்பர் இல்லாம போகலாமா?"

அவர் ஒரு தடவை கூட எரிச்சல்படவில்லை. இதைத்தான் நான் முதலில் பாராட்டுவேன். ஸ்பைரோமெட்ரியில் மிஷின் பாதி, ஊத வைக்கிற ஆள் பாதி.

முதல் சுற்று முடிந்ததும், ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் கூட்டை இன்ஹேலரில் மாட்டி, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புட்டமால் நான்கு அழுத்தம் கொடுத்தார். கால் மணி நேரம் உட்கார வைத்துவிட்டு மறுபடி அதே ஊதல். இந்த இரண்டாவது சுற்று கட்டாயம். இந்த மருந்து கொடுத்த பிறகும் அடைப்பு நீங்காமல் இருக்கிறதா என்பதை வைத்துத்தான் சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயை உறுதி செய்வார்கள். மருந்து கொடுக்காமல் ஒரே சுற்றில் ரிப்போர்ட் கொடுக்கும் இடங்கள் உண்டு என்று பிறகு தெரிந்தவர்கள் சொன்னார்கள். நீங்கள் பணம் கட்டுவதற்கு முன்னாலேயே, 'மருந்து கொடுத்து மறுபடி ஊத வைப்பீங்களா' என்று கேட்டுவிடுங்கள்.

டாக்டர் ஐம்பது வயதுக்காரர். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் எங்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டார். முழு மூச்சில் வெளியே வந்த காற்று 2.6 லிட்டர். அதில் முதல் ஒரு விநாடியில் வந்தது 1.4 லிட்டர். வகுத்தால் 0.54. மருந்து கொடுத்த பிறகு இந்த விகிதம் 0.70-க்குக் கீழே இருந்தால் மூச்சுக்குழாயில் அடைப்பு இருக்கிறது என்று உலகம் முழுக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு விநாடிக் காற்று நைனாவின் வயதுக்கும் உயரத்துக்கும் வர வேண்டியதில் 58 சதவீதம்தான் வந்திருந்தது. 80-க்கு மேல் லேசு, 50 முதல் 79 வரை நடுத்தரம், 30 முதல் 49 வரை கடுமை, அதற்கும் கீழே மிகக் கடுமை. நைனா நடுத்தரத்தில் இருந்தார்.

"இது போன மாசம் வந்தது இல்ல. பத்து வருஷத்துக்கு மேல உள்ளயே இருந்திருக்கும். ஹார்ட் அட்டாக் வந்தன்னைக்கும் இருந்திருக்கும்" என்றார் டாக்டர்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆஞ்சியோ, எக்கோ, ஈசிஜி என்று அத்தனை பெரிய மிஷின்களும் பார்த்தாகிவிட்டது, ஒரு குழாயில் ஊத வைத்தால் தெரிகிற ஒன்றை யாரும் பார்க்கவில்லையே என்றுதான். ஸ்பைரோமீட்டரை ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய டாக்டர் 1846-ல் உலகத்துக்குக் காட்டினார். ஈசிஜியை விட அரை நூற்றாண்டு மூத்த கருவி இது. ஈசிஜி எடுக்காத இதய நோயாளி நம் ஊரில் கிடையாது. ஊதிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

நைனா ஒருத்தருக்கு மட்டும் நேர்ந்தது இல்லை இது. 2015-ல் ஐரோப்பாவில் ஒரு ஆய்வு வெளியானது. ஒன்பது நாடுகளின் இதயநோய் கிளினிக்குகளுக்கு வரும், புகைப்பழக்கம் உள்ள அல்லது முன்பு இருந்த நாற்பது வயதைத் தாண்டிய நோயாளிகளை ஊத வைத்துப் பார்த்தார்கள். எல்லாருமே இதயத்துக்கு ரத்தம் போகும் குழாயில் அடைப்பு உள்ளவர்கள். ஏறக்குறைய பத்தில் மூன்று பேருக்கு நுரையீரலிலும் அடைப்பு இருந்தது. அப்படி இருந்தவர்களிலும் சுமார் 70 சதவீதம் பேருக்கு அதற்கு முன்னால் அந்த டெஸ்ட்டே எடுத்ததில்லை, நோய் இருப்பதும் தெரியாது. எல்லா வசதியும் உள்ள ஐரோப்பாவிலேயே இந்த நிலை. பீடித் தூளோடும் விறகடுப்போடும் தறிப் பஞ்சோடும் வாழும் நம் தெருக்களில் யார் கணக்கெடுத்திருக்கிறார்கள்? மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். 2021-ல் தொடங்கினதிலிருந்து எங்கள் தெருவில் எத்தனையோ பேருக்கு அது உதவியிருக்கிறது. அந்தத் தங்கைகளே பீடி குடிக்கிறவர்களிடம் 'படி ஏறினால் மூச்சு வாங்குதா' என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்டு, வாங்குகிறவர்களை டெஸ்ட்டுக்கு அனுப்பினால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

ஏன் தவறிப்போகிறது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இதயம் பலவீனமானாலும் மூச்சு வாங்கும், நுரையீரல் அடைத்தாலும் மூச்சு வாங்கும். ராத்திரி படுக்க முடியாமல் எழுந்து உட்காருவது இரண்டிலும் வரும், இருமலும் இரண்டிலும் வரும். ஏற்கெனவே ஹார்ட் பேஷன்ட் என்று முத்திரை விழுந்துவிட்டால் எல்லாப் பழியும் இதயத்தின் தலையில் போய்விடும். இரண்டு நோய்க்கும் வேர் ஒரே புகைதான். அந்தப் புகை ரத்தக்குழாயையும் கெடுக்கிறது, மூச்சுக்குழாயையும் கெடுக்கிறது. நுரையீரலில் கிருமி தொற்றி சளி முற்றும் நாட்களில் ஹார்ட் அட்டாக் வரும் அபாயமும் கூடும் என்றார். அதனால்தான் வருஷா வருஷம் ஃப்ளூ ஊசியும், நிமோனியாவுக்கான தடுப்பூசியும் போடச் சொன்னார். உலகத்தில் உயிரைப் பறிக்கும் நோய்களில் சிஓபிடி நான்காவது இடத்தில் இருக்கிறது, 2021-ல் மட்டும் 35 லட்சம் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நைனா சாப்பிடும் மாத்திரைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் மெட்டோப்ரோலால் மாத்திரைப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "மூச்சு நோய் இருக்குன்னு தெரிஞ்சதும் பக்கத்து வீட்டுல யாராவது இதை நிறுத்தச் சொல்லுவாங்க. நிறுத்தக் கூடாது" என்றார். இதயத்தை மட்டும் குறிவைக்கும் இந்த வகை பீட்டா பிளாக்கர்களை சிஓபிடி இருந்தாலும் கொடுக்கலாம், அட்டாக் வந்தவர்கள் பலருக்கு அது வேண்டும் என்பதுதான் இன்றைக்கு டாக்டர்கள் ஏற்றுக்கொண்ட முறை. இதய டாக்டருக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்துக்காகவே இந்த கிளினிக்குக்கு நான் கூடுதலாக ஒரு மதிப்பெண் போடுவேன். எக்ஸ்ரேயும் எடுக்கச் சொன்னார். பீடி குடித்தவருக்கு அடைப்பு மட்டும்தான் என்று விட்டுவிட முடியாது, பழைய டிபியோ கட்டியோ இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும் என்றார். நல்லவேளை, ஒன்றும் இல்லை.

அடுத்து இன்ஹேலர். இங்கேதான் பல இடங்களில் சொதப்புகிறார்கள். சீட்டில் எழுதி மருந்துக்கடைக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். இங்கே தனியாக ஒரு நர்ஸ் உட்கார்ந்து பழக்கிக் கொடுத்தார். நைனாவுக்குக் கொடுத்தது பொடி மருந்து, கேப்சூலைக் கருவிக்குள் போட்டு உறிஞ்சுவது. முதலில் கருவியை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு மூச்சை முழுக்க வெளியே விட வேண்டும். கருவிக்குள் ஊதிவிட்டால் ஈரம் பட்டுப் பொடி ஒட்டிக்கொள்ளும். பிறகு உதட்டை இறுக்கி, வேகமாக, ஆழமாக ஒரே இழுப்பு. கேப்சூல் உள்ளே சுழன்று கிரீச்சென்று சத்தம் கேட்க வேண்டும். பத்து விநாடி மூச்சை அடக்கி, மெதுவாக மூக்கு வழியாக விட வேண்டும். திறந்து பார்த்து கேப்சூலில் பொடி மிச்சம் இருந்தால் மறுபடி இழுக்க வேண்டும். அழுத்தி அடிக்கும் டப்பா வகைக்கு இதற்கு நேர் எதிர், மெதுவாக இழுக்க வேண்டும். ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் என்றால் முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளைப் படலம் வரும்.

சொல்லி முடித்ததும் நர்ஸ், "இப்ப நீங்க எனக்குச் சொல்லிக் குடுங்க ஐயா" என்றார். நைனாவின் கை அறுந்த நூலைக் கண்ணை மூடிக்கொண்டு முடிகிற கை. கேப்சூல் போடுவது அவருக்குப் பெரிய விஷயமில்லை, மூச்சை அடக்குவதுதான் கஷ்டப்பட்டது. சரியாக வரும் வரைக்கும் விடவில்லை. இரண்டு வாரம் கழித்து வரும்போது கருவியோடு வரச் சொல்லி மறுபடி செய்து காட்டச் சொன்னார்கள். அப்போது ஒரு சின்னத் தப்பையும் திருத்தினார்கள். தலையைக் குனிந்துகொண்டே இழுத்துக்கொண்டிருந்தார்.

"இன்ஹேலர் எடுத்தா பழகிடுமாமே" என்று அம்மா கேட்டார். எல்லா வீட்டிலும் கேட்கும் கேள்வி. மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் உடம்பு முழுக்கப் போகும் மருந்து, இன்ஹேலரில் மைக்ரோகிராம் கணக்கில் நேராக நுரையீரலுக்குப் போகிறது, அடிமையாக்கும் எதுவும் இதில் கிடையாது என்று டாக்டர் சொன்னார். பழகினது பீடி, அதற்குத்தான் வைத்தியம் வேண்டும் என்றும் சொன்னார்.

பீடி பற்றிப் பேசின விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. திட்டவே இல்லை. தூங்கி எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் பீடி என்று கேட்டார். எழுந்த உடனே என்றால் உடம்பு நிகோடினுக்கு எவ்வளவு கட்டுப்பட்டிருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடுமாம். அட்டாக்குக்குப் பிறகு நைனா கட்டுக் கணக்கிலிருந்து நான்கைந்துக்கு இறங்கியிருந்தார், அதற்கு மேல் இறங்க முடியவில்லை. பீடியில் தூள் குறைவு, சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை என்று நைனா எப்போதும் சொல்வார். உண்மை வேறு. பீடி இலையில் காற்று எளிதில் ஊடுருவாது. அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும். அதனால் நிகோடின், தார், கார்பன் மோனாக்சைடு எல்லாமே சிகரெட்டை விட அதிகமாக உள்ளே போகிறது.

ஒரு காகிதத்தில் இரண்டு கோடு போட்டுக் காட்டினார் டாக்டர். 1977-ல் ஃபிளெட்சர், பீட்டோ என்ற இருவர் லண்டன் தொழிலாளர்களை வருஷக்கணக்காகப் பார்த்துக் கண்டுபிடித்ததாம். புகைக்கிறவரின் ஒரு விநாடிக் காற்று வருஷா வருஷம் வேகமாகச் சரிகிறது. எந்த வயதில் விட்டாலும் போனது திரும்பாது, ஆனால் சரிகிற வேகம் புகைக்காதவர் அளவுக்குக் குறைந்துவிடும். "நீங்க 64-ல விட்டாலும் 74-ல உங்க கால்ல நீங்க நடப்பீங்க" என்றார். அந்தக் காகிதத்தை நைனா மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நிகோடின் சூயிங்கம் இரண்டு மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். மிட்டாய் மாதிரி மெல்லக் கூடாது. காரம் ஏறினதும் கன்னத்தில் ஒதுக்கிவிட்டு, காரம் அடங்கினதும் மறுபடி மெல்ல வேண்டும். 1800-11-2356 என்ற இலவச எண்ணையும் கொடுத்தார். பீடி, சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும் எண்தான் அது. பொங்கலுக்குப் பிறகு நைனா பீடியைத் தொடவில்லை.

அம்மாவின் வேலை பற்றியும் கேட்டார். தினமும் தூளில் கை வைக்கிறவர், சின்ன வயதிலிருந்து விறகடுப்பு ஊதினவர். புகைக்காத பெண்களுக்கும் அடுப்புப் புகையால் இதே நோய் வரும் என்று அவரையும் ஊத வைத்தார். அம்மாவுக்கு விகிதம் சரியாக இருந்தது. பீடி சுற்றுவதை விடச் சொல்லவில்லை, காற்றோட்டமான இடத்தில், முகத்தில் துணி கட்டிக்கொண்டு சுற்றச் சொன்னார். அம்மா இப்போது முறத்தைப் பின்கட்டுக்கு மாற்றிவிட்டார், நைனாவின் கண்ணிலும் மூக்கிலும் படாமல். அந்தக் கூலியில்தான் மாதாமாதம் கேப்சூல் வாங்குகிறோம். எங்கள் வீட்டு நிலைமை இது, ஒளிக்க ஒன்றுமில்லை. பீடித் தொழிலாளிகளுக்கு மாற்று வேலை பற்றி யோசிக்கிறவர்கள் இப்படிப்பட்ட வீடுகளை நினைத்துக்கொள்ளட்டும்.

மூச்சுப் பயிற்சிக்கு நேரம் ஒதுக்கினது குறைவு. ஒரு அச்சடித்த தாள் கொடுத்து, நடங்கள், உதட்டைக் குவித்து ஊதுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மருந்துக்குச் சமமாக நடைப்பயிற்சியும் முக்கியம் என்று அவர்களே சொல்லும்போது, அதைச் சொல்லிக் கொடுக்க ஒரு பிசியோதெரபிஸ்ட் வாரத்தில் ஒரு நாளாவது இருக்க வேண்டாமா? அந்தத் தாளும் ஸ்பைரோமெட்ரி ரிப்போர்ட்டும் முழுக்க ஆங்கிலத்தில். டாக்டர் விளக்கினார், நான் படித்தவள், புரிந்தது. தனியாக வரும் தறிக்காரருக்கு அது வெறும் காகிதம். கீழே நாலு வரி தமிழில் எழுதிக் கொடுக்க என்ன செலவாகும்?

பணம்: டாக்டர் ஃபீஸும் டெஸ்ட்டும் எக்ஸ்ரேயும் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. எக்கோவுக்கு ஆனதை விடக் குறைவு. ரசீது கேட்காமலே கொடுத்தார்கள். தேவையில்லாத ஸ்கேன் எதுவும் எழுதவில்லை. காத்திருப்பு அதிகம், ஊதும் டெஸ்ட்டுக்கு ஒரே மிஷின். டோக்கன் முறை இருந்தும் தெரிந்தவர்களை நடுவில் விட்டார்கள், இதை அவர்களிடமே சொல்லிவிட்டு வந்தேன்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். படிக்கட்டுக்காக ஒன்றைக் குறைக்கிறேன்.

இப்போது நைனா காலையில் தறியில் உட்கார்ந்தால் பத்து மணி டீ வரைக்கும் நிறுத்தாமல் நெய்கிறார். மூச்சு வாங்குவது முழுக்கப் போகவில்லை, போகாது என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். ஊசி போட ஓடுவது மட்டும் நின்றுவிட்டது.

போகிறவர்களுக்கு: காலை டிபன் அரை வயிறு போதும். பல்செட் நன்றாகப் பொருந்தினால் கழற்ற வேண்டாம், போட்டுக்கொண்டே ஊதலாம். ஏற்கெனவே இன்ஹேலர் எடுக்கிறவர்கள் டெஸ்ட்டுக்கு எத்தனை மணி நேரம் முன்னால் நிறுத்த வேண்டும் என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இதய மாத்திரைகளை அன்றைக்கும் வழக்கம்போலச் சாப்பிடலாம், எங்களுக்கு அப்படித்தான் சொன்னார்கள். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி எக்கோ, எல்லா மாத்திரைப் பட்டைகளும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், வரவேற்பில் முதலில் கேட்பது அவற்றைத்தான்.